மீட்டர் சொல்லாதது

புத்தளம் மாவட்டக் கரையோரம் வானொலிக்குப் புதிய இடமல்ல. சிலாபத்துக்கு அருகே இரணவிலவில், கடலோரத்திலேயே அமெரிக்காவின் குரல் வானொலி சிற்றலை மறு ஒலிபரப்பு நிலையம் நடத்தியது. உப்புநீர் சாதாரண மண்ணைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். அதனால் நீர்விளிம்பில் நிற்கும் செங்குத்து அன்டெனாவின் அலைகள் தொடுவானத்தை ஒட்டித் தாழ்வாகவே கிளம்பி வெகுதூரம் போகும். வறண்ட நிலத்தில் சோதித்த அமெச்சூர் வானொலிக்காரர் "செங்குத்துக் கம்பி வீண்" என்று இணையத்தில் எழுதினால், அது அவர் முற்றத்துக்குப் பொருந்தும், இதே கரையோரத்துக் கற்பிட்டிக்குப் பொருந்தாது.

இதைவிடக் கெடுதலானது, "எஸ்.டபிள்யூ.ஆர். (நிலையலை விகிதம்) மீட்டர் ஒன்றுக்கு ஒன்று காட்டினால் அன்டெனா பிரமாதம்" என்ற அறிவுரை. அந்த மீட்டர் அறிவது எவ்வளவு சக்தி திரும்புகிறது என்பதை மட்டுமே. எதையும் ஒலிபரப்பாத 50 ஓம் மின்தடையும் ஒன்றுக்கு ஒன்றுதான் காட்டும். கடற்காற்றில் இணைப்பியின் வழியே உப்பீரம் புகுந்து, செப்புப் பின்னல் பச்சை பிடித்த கேபிளைப் பாருங்கள். அது பாதிச் சக்தியை வழியிலேயே தின்றால், அன்டெனாவில் 3 ஆக இருக்கும் விகிதம் கீழே மீட்டரில் சுமார் 1.7 ஆகத் தெரியும். கேபிள் கெடக் கெட மீட்டர் நல்ல செய்தியே சொல்லும்!

"அதே அன்டெனாவில் ஜப்பானுடன் பேசினேனே" என்பார்கள். பேசியிருக்கலாம். பாதிச் சக்தி இழப்பு வெறும் 3 டெசிபல். அயனமண்டலம் சில நிமிடங்களில் அதைவிட அதிகம் ஏறி இறங்கும். விகிதம் மிஞ்சினால் டிரான்ஸ்மிட்டர் பழுதாகும் என்பதும் உண்மைதான்; அந்தக் காவலுக்கு மீட்டர் வேண்டும். அன்டெனாவின் தரத்தை அறிய, கேபிளின் இரு முனையிலும் சக்தியை அளக்க வேண்டும். இரண்டு அன்டெனாக்களை உடனுக்குடன் மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும்.