ஜெயில்ல இருந்து வர்ற போன்: நம்பரை மாத்தாம செலவைக் குறைக்கிற வழி

ஜமுனாமரத்தூர் பக்கத்துல இருந்து ஒரு அக்கா பேசினாங்க. வீட்டுக்காரர் செம்மரக் கேஸ்ல ஆந்திராவுல ஒரு மத்திய சிறையில இருக்கார். "ரீசார்ஜ் கட்டுப்படியாகல தம்பி. ஆஃபர்ல புது சிம் தர்றாங்க, வாங்கிடவா?"

வாங்காதீங்கக்கா. ஏன்னு சொல்றேன்.

சிறைக்குள்ள இருக்குற போன்ல வெளியே பேசத்தான் முடியும், நாம திருப்பிக் கூப்பிட முடியாது. அவர் எழுதிக் கொடுத்து, அதிகாரிங்க சரிபார்த்து ஒப்புக்கிட்ட நம்பருக்கு மட்டும்தான் கால் போகும். புது சிம்னா மறுபடி மனு, மறுபடி சரிபார்ப்பு. சிறைக்கு உங்களைத் தெரியாது, அந்தப் பத்து இலக்கத்தைத்தான் தெரியும்.

அமெரிக்காவுல கதை வேற. அங்க ஒரு காலத்துல வெளியூர் கால்னா கொள்ளை விலை. அதனால சிறை இருக்குற ஊர் நம்பர் ஒண்ணை இணையத்துல வாங்கி, உள்ளூர் கட்டணத்துல பேசினாங்க. பேரனோட பேசுற போன் செலவு தாங்காம 2000-ல கோர்ட்டுக்குப் போன மார்த்தா ரைட்ங்கிற பாட்டி பேர்ல, 2023 ஜனவரில அங்க ஒரு சட்டமே வந்துச்சு. நமக்கு தூரம் பிரச்சினை இல்ல. நம்பரை உயிரோட வச்சிருக்குறதுதான் செலவு.

வேலிடிட்டி முடிஞ்சா இன்கமிங்கும் கொஞ்ச நாள்ல நின்னுடும். 90 நாள் பயன்படுத்தாம, பேலன்ஸும் இல்லாம கிடந்தா நம்பரே போயிடலாம். அக்கா வச்சிருக்குறது பட்டன் போன். ஆனா மாசாமாசம் டேட்டாவோட பேக் போட்டுட்டு இருந்தாங்க! டேட்டா வேண்டாதவங்களுக்குத் தனி பேக் கொடுக்கணும்னு டிராய் 2024 டிசம்பர்ல உத்தரவு போட்டுச்சு. 2025 ஜனவரில வந்தப்போ 84 நாளுக்கு 500 ரூபாய்க்குள்ள இருந்துச்சு, ஒரு நாளைக்கு ஆறு ரூபாய்க்கும் கம்மி. கடையில தானா சொல்ல மாட்டாங்க. "நெட் வேணாம், பேசுறது மட்டும்"னு நீங்கதான் கேக்கணும்.

உங்க மலைக்கு வேற கம்பெனி டவர்தான் நல்லா எடுக்குதா? அப்பவும் நம்பரை விடாதீங்க. PORT-ன்னு இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு, இடம் விட்டு உங்க நம்பரைப் போட்டு 1900-க்கு மெசேஜ் அனுப்புங்க. வர்ற கோடை ஆதாரோட கடையில கொடுத்தா கம்பெனி மாறும், நம்பர் மாறாது. மாறுறப்போ கொஞ்ச நேரம் போன் செத்துக் கிடக்கும், அதனால அவர் கூப்பிடுற நாள்ல இது வேணாம்.

முகம் பார்க்கணும்னா இ-முலாகாத் இருக்கு. அரசாங்க இ-பிரிசன்ஸ் தளத்துல பதிவு பண்ணணும், கட்டணம் இல்ல. ஸ்மார்ட்போன், மின்னஞ்சல், அடையாள அட்டை வேணும். சிறை ஒப்புதல் கொடுத்தா வீடியோ லிங்க் வரும்.

"இவ்ளோ மெனக்கெடணுமா?"ன்னு எங்க டீம்லயே ஒருத்தன் கேட்டான். 2015 ஏப்ரல் 7-ல சேஷாசலம் காட்டுல சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேர்ல ஜவ்வாது மலைக்காரங்களும் உண்டு. கூலிக்குப் போனவர் உயிரோட இருக்கார்ங்கிறதுக்கு அந்த வீட்ல இருக்குற அத்தாட்சி இந்த போன்தான்.

வக்கீல் வைக்க வசதி இல்லன்னா இலவச சட்ட உதவிக்கு 15100.

அக்கா 84 நாள் பேக் போட்டுட்டாங்க. வீட்டுக்குள்ள டவர் இல்லாததால போன் மாட்டுக்கொட்டாய் கூரையில தொங்குது. பேக் முடியிற தேதியை அதுக்குக் கீழ கரியால எழுதி வச்சிருக்காங்க.