கேட்டவர் கையிலும் குச்சி கொடுத்த பறை ஆசான்கள்

நந்திதுர்க் சுரங்கத்தை ஒட்டிய லயன்களில் வாழ்ந்த தமிழர்களுக்கு இரண்டு ஓசைகள் நன்கு பழக்கம். ஒன்று, ஷிப்ட் நேரத்தை அறிவிக்கும் சங்கு. மற்றொன்று, தெருமுனையில் எழும் பறை மேளம். சங்கு ஊதினால் ஆண்கள் சுரங்கத்தில் இறங்கப் புறப்பட வேண்டும். பறை கேட்டாலோ, அம்மன் திருவிழாவா, யார் வீட்டிலாவது சாவா என்று அடியை வைத்தே வாசலில் நிற்பவர்கள் சொல்லி விடுவார்கள்.

2001 பிப்ரவரி 28-ந் தேதி தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. சங்கு ஓய்ந்தது. பறை ஓயவில்லை. அதிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்பும் இன்றைய தங்கவயல் இளைஞர்களின் காதிலும் அது விழுந்து கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் அதை யார் அடிக்கிறார்கள், யார் கற்கிறார்கள் என்பதில் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் பெரிய மாறுதல் ஏற்பட்டிருக்கிறது. அந்த மாறுதலைக் கொண்டு வந்தவர்கள், தாங்கள் அடித்ததோடு நில்லாமல் மற்றவர்களையும் அடிக்க வைத்த கலைஞர்கள்.

எறிந்ததும் மானம் காக்கவே

பறை மிகப் பழமையான கருவி. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்துச் சொல்கிறது தொல்காப்பியம். "பறைதல்" என்றாலே "சொல்லுதல்" என்றுதான் பொருள்.

பிற்காலத்தில் அந்தப் பெருமை மங்கியது. ஊரில் சாவு விழுந்தால் சேரியிலிருந்து ஆள் வந்து அடித்தாக வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. கொடுத்ததை வாங்கிக் கொள்ள வேண்டும். தள்ளி நிற்க வேண்டும். தலை நரைத்தவரையும் சிறுவர்கள் "டேய்" என்று அழைப்பார்கள்.

வடாற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தங்கவயலுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இத்தகைய சேரிகளை விட்டு வந்தவர்களே. இங்கே உழைப்பு கடினம், உயிருக்கும் ஆபத்து. ஆயினும் கூலி கணக்குப்படி கிடைத்தது. "வந்து மேளம் அடி" என்று கட்டளையிட ஊர்ப் பெரியதனக்காரர் இல்லை. அயோத்திதாச பண்டிதர் தோற்றுவித்த சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. படிப்பும் பகுத்தறிவும் பேசிய அந்த இயக்கம், பழைய அடிமைத் தொழில்களை விட்டுவிடும்படி மக்களுக்குச் சொன்னது.

தமிழகத்திலும் இதே எண்ணம் எழுந்தது. தென்னாற்காட்டில் காட்டுமன்னார்கோயில் பகுதியில் எல்.இளையபெருமாள் முன்னின்று, சாவுக்குப் பறையடிக்க மறுக்கும் போராட்டங்களை நடத்தினார். பறையைக் கீழே வைப்பது அன்று மானத்தைக் காக்கும் செயல். "அந்தக் குச்சியைத் தொடாதே, புத்தகத்தை எடு" என்று பிள்ளைகளைக் கண்டித்த பெற்றோரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

தனியாக அடித்தால் நிறையாது

அப்படியும் பறை அழியாமல் நின்றதற்குக் காரணம், அந்தக் கருவியின் தன்மையிலேயே இருக்கிறது.

மரத்துண்டுகளை வளைத்து இணைத்த வட்டச் சட்டம். அதன் மேல் இழுத்து ஒட்டிய மாட்டுத் தோல். இவ்வளவுதான் பறை. தோளில் மாட்டிக் கொண்டு, ஒரு கையில் தடித்த அடிக்குச்சியும் மறு கையில் மெல்லிய சிண்டுக்குச்சியும் பிடித்து அடிக்க வேண்டும். அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். சூட்டில் தோல் விறைத்து "கணீர்" என்று பேசும். மழைக் காலத்தில் நனைந்து தொய்ந்து விட்டால் மறுபடி நெருப்புத்தான் துணை. நெருப்பு தேவைப்படாத பிளாஸ்டிக் தோலும் இப்போது கடைக்கு வந்து விட்டது.

மிருதங்க வித்துவான் தனியாக உட்கார்ந்து "தனி ஆவர்த்தனம்" வாசித்துக் கைதட்டல் வாங்கலாம். பறைக்கு அது போதாது. ஒருவர் அடியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கி அடிக்க வேண்டும். கையோடு காலும் சேர்ந்து எட்டு வைக்க வேண்டும். சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மாரடிப்பு அடி, பாடம் அடி, சினிமா அடி என்று அடிகள் பல. பத்துப் பேர் அடிக்கையில் ஒருவர் பிசகினாலும் தெருக்கோடி வரை தெரிந்து விடும்.

ஆகவே நல்ல பறைக் கலைஞர், தம்மோடு அடிக்க மற்றவர்களை உருவாக்கியே தீர வேண்டும். முன்பு அந்த மற்றவர்களைப் பிறப்பு தீர்மானித்தது. தகப்பன் அடித்தால் மகன் அடிப்பான். அந்த வேலியைப் பிரித்துப் போட்டவர்கள்தான் இன்றைய ஆசான்கள்.

அலங்காநல்லூர் ஆசான்

மதுரை மாவட்டம் அலங்காநல்லூர் என்றதும் ஜல்லிக்கட்டு நினைவுக்கு வரும். பறை கற்பவர்களுக்கோ வேலு ஆசான் நினைவுக்கு வருவார். பறையடிக்கும் குடும்பத்தில் பிறந்து, மூத்த கலைஞர்களைப் பார்த்தும் கேட்டும் கற்றவர். சமர் கலைக்குழுவை நடத்துபவர். சாவு வீட்டு வாசலில் நின்ற கருவியை மேடைக்குக் கொண்டு போனதோடு, சாதி பார்க்காமல் கேட்டவர்க்கெல்லாம் கற்றுக் கொடுத்ததுதான் அவருடைய பெரிய தொண்டு. 2025-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

விருதை விடவும் கவனிக்க வேண்டியது அவர் பெயரோடு ஒட்டிக் கொண்ட அந்த "ஆசான்" என்ற சொல். "டேய்" என்று கூப்பிடப்பட்ட தொழிலில் இருந்து வந்த ஒருவரை, கல்லூரி மாணவர்களும் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்களும் "ஆசான்" என்று அழைத்துக் குச்சி வாங்குகிறார்கள். கற்றவர்கள் வேறு ஊர்களில் கற்றுக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் கூட இன்று பறைக் குழு வைத்திருக்கிறார்கள்.

பெண்கள் தோளில் பறை

பறையடிப்பது ஆண்களின் வேலை என்பது நெடுங்கால வழக்கம். அதை மாற்றிக் காட்டியது திண்டுக்கல் சக்தி கலைக்குழு. 1990-ல் அருட்சகோதரி சந்திரா தொடங்கியது. கிராமத்து ஏழைப் பெண்கள், குறிப்பாகத் தலித் வீட்டுப் பெண்கள், இங்கே வந்து பறையும் பிற கிராமியக் கலைகளும் கற்கிறார்கள். தெருவில் தலை நிமிரத் தயங்கிய பெண், ஊர் நடுவே நின்று பறையடிக்கும்போது பார்க்கிறவர்களின் எண்ணம் மாறுகிறது. முதலில் அவளுடைய எண்ணம் மாறுகிறது.

அமெரிக்கப் பேராசிரியை சோயி ஷெரினியன் இந்தக் குழுவைப் பற்றி 2018-ல் ஒரு ஆவணப் படம் எடுத்தார். அதற்கு முன்பே முனைவென்றி கிராமத்துக் கலைஞர்களிடம் மாணவியாக அமர்ந்து பறை பயின்றவர் அவர். எழுதப் படிக்க அதிகம் அறியாதவர்கள் குருவாகவும், பல்கலைக்கழகப் பேராசிரியை சிஷ்யையாகவும் இருந்தார்கள்.

கோலார் மண்ணின் தமட்டை

இதெல்லாம் தமிழ்நாட்டுக் கதை என்று தங்கவயல்காரர் ஒதுக்க வேண்டியதில்லை. கன்னடத்தில் "தமட்டெ" எனப்படுவதும் நம் பறையின் உடன்பிறப்புத்தான்.

சித்லகட்டா வட்டாரத்துப் பிண்டிபாபனஹள்ளியைச் சேர்ந்த முனிவெங்கடப்பா, தமட்டைக் கலையைக் காத்துப் பரப்பியதற்காக 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய ஊர் இன்று சிக்பளாப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. 2007 வரை அது கோலார் மாவட்டம். நந்திதுர்க் சுரங்கத்தின் பெயரை நினைவூட்டும் நந்தி மலையும் அதே மாவட்டத்தில்தான் நிற்கிறது.

1970-களில் கர்நாடகத்தில் தலித் சங்கர்ஷ சமிதி தோன்றியபோது, ஊர்வலங்களில் முன்னால் சென்றது தமட்டை. இழிவின் அடையாளமாக இருந்த ஓசை உரிமைக் குரலாக மாறியது. கோலாரை அடுத்த தேரஹள்ளி மலையில் கவிஞர் கோட்டிகானஹள்ளி ராமையா நண்பர்களுடன் உருவாக்கிய "ஆதிமா" கலை மையம், பௌர்ணமி இரவுகளில் பாட்டும் நாடகமுமாகக் கிராம மக்களைக் கூட்டி வந்திருக்கிறது.

பொன்னாடை போதாது

மகிழ்ச்சி தரும் செய்திகள்தான். ஆனால் கணக்கு இன்னும் தீரவில்லை.

மேடையில் பறையடிப்பவருக்குப் பொன்னாடை. சாவு வீட்டில் அடிப்பவருக்கு வாசலுக்கு வெளியே டீ. பல ஊர்களில் இரண்டும் ஒரே நாளில் நடக்கின்றன. பறை வகுப்பில் சேர்ந்து கைதட்டல் பெறும் இளைஞர், அதே அடிகளைப் பரம்பரையாகக் காத்து வந்த முதியவரை "மேளக்காரன்" என்று கூப்பிட்டால், கற்ற வித்தையால் என்ன பயன்? கருவிக்குக் கிடைத்த மரியாதை அதை இத்தனை காலம் சுமந்தவருக்கும் கிடைக்க வேண்டாமா?

ஆசான்களின் வாழ்க்கை காட்டும் வழி எளியது. விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தி அடிக்க வைக்கக் கூடாது. விரும்பிக் கேட்பவருக்கு, அவர் யாராக இருந்தாலும், மறுக்கக் கூடாது.

பழைய லயன்களிலும் பறையறிந்த முதியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த அடிகள் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடிக்கும் அவசரம் இல்லாத இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்து போய், திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆசான், ஒரு அடி சொல்லிக் கொடுங்க" என்று கேட்டால் போதும். அந்தக் கை குச்சியைத் தேடும்.