நெடுந்தூரத்துக்கு எந்தச் சைக்கிள்?

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, இரவு ஏழரை மணிக்குள் 200 கிலோமீட்டரைச் சைக்கிளில் கடக்க வேண்டும். 'பிரவே' எனப்படும் நெடும்பயணங்களில் மிகச் சிறியது இதுதான். சாப்பாடு, தண்ணீர், பஞ்சர் எல்லாம் அந்த 13½ மணி நேரத்துக்குள் அடக்கம். முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர்கூட இல்லை. "இது நான் பள்ளிக்குப் போகும் வேகந்தானே!" என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த வேகத்தில் நாள் முழுவதும் சீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? பாதி வழியில் நின்றுவிடுகிறவர்கள் பலரிடம் கேட்டால், கால் வலியைவிட உள்ளங்கை, கழுத்து, முதுகு, உட்காரும் இடம் ஆகியவற்றைப் பற்றித்தான் சொல்வார்கள்.

எனவே இத்தகைய பயணத்துக்குச் சைக்கிள் வாங்கும்போது, "எது வேகமாகப் போகும்?" என்று கேட்பதைவிட, "சாலையின் அதிர்ச்சியும் என் உடலின் எடையும் எங்கெங்கே போய்ச் சேருகின்றன?" என்று கேட்பது நல்லது. இது முழுக்க முழுக்க பௌதிகக் கேள்வி.

முதலில் டயர். 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். மூன்றே ஆண்டுகளில், 1891-இல், பாரிசிலிருந்து பிரெஸ்ட் நகருக்குப் போய்த் திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் பந்தயத்தை ஷார்ல் தெரோன் என்பவர் 71 மணி 22 நிமிடத்தில் முடித்து வென்றார். அவருடைய சைக்கிளில் இருந்தவை கழற்றி மாட்டக்கூடிய காற்று டயர்கள். நெடும்பயணமும் காற்று டயரும் அன்றிலிருந்தே கூட்டாளிகள்.

நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோகிராம் என்று கொள்வோம். பின்சக்கரத்தின் மேல் சுமார் 48 கிலோகிராம் விழும். டயரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோகிராம் (பம்பின் முகப்பில் ஏறக்குறைய 85 பவுண்டு) என்றால், தரையைத் தொடும் பரப்பு 48÷6, அதாவது 8 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தை 4 ஆகக் குறைத்தால் 12 சதுர சென்டிமீட்டர். டயரின் அகலம் இக்கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அப்படியானால் அகல டயர் எதற்கு? காற்றைக் குறைத்தால் மெல்லிய டயர் குழியில் இறங்கும்போது ரிம்மில் இடித்து டியூபைக் கிழித்துவிடும். 32 மில்லிமீட்டர் அகலமுள்ள டயருக்கு அந்த ஆபத்து குறைவு. குறைந்த காற்றில் ஓடி, கற்களைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும்.

கல்லைப் போல் காற்றடித்த மெல்லிய டயரே வேகமானது என்று வெகுகாலம் நம்பினார்கள். கண்ணாடி போன்ற தரையில் அது ஓரளவு சரி. சொரசொரப்பான சாலையிலோ, அந்த டயர் ஒவ்வொரு கல்லிலும் சைக்கிளையும் உங்களையும் தூக்கிப் போடுகிறது. அந்த ஆற்றல் உங்கள் தசைகளில் வெப்பமாக வீணாகிறது. அதற்குரிய விலையைக் கொடுப்பவை உங்கள் கால்களே. பந்தய வீரர்களே இன்று 23 மில்லிமீட்டர் டயரை விட்டு 28-க்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள்.

"இந்தச் சட்டம் கார்பன், அதிர்ச்சியை அப்படியே உறிஞ்சிவிடும்" என்று கடையில் சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். டயரும் சட்டமும் தொடராக இணைத்த இரு சுருள்வில்கள். சட்டம் டயரைவிடப் பத்து மடங்கு விறைப்பானது என்று வையுங்கள். ஒரு விசைக்கு டயர் 10 அலகு அமுங்கினால் சட்டம் 1 அலகு அமுங்கும், மொத்தம் 11. சட்டத்தின் விறைப்பைப் பாதியாக்கினாலும் மொத்தம் 12 தான்! முக்கோணமாகக் கட்டிய சட்டம் செங்குத்தாக எளிதில் வளையாது. சீட்டைத் தாங்கும் குழாய் நீளமாக வெளியே தெரிந்தால், அது சிறிது வளைந்துகொடுக்கும், அவ்வளவே. ஆகையால் காசைச் சட்டத்தில் கொட்டுமுன், 32 மில்லிமீட்டர் டயர் அதில் நுழையுமா என்று ஃபோர்க்கின் இடைவெளியைப் பாருங்கள். என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம்.

அடுத்தது கைப்பிடியின் உயரம். என் மாணவர் ஒருவர் ஓராண்டு சேமித்த பணத்தில் தாழ்ந்த கைப்பிடியுள்ள பந்தய சைக்கிளை வாங்கினார். முதல் 200 கிலோமீட்டரில், நூறைத் தாண்டியதுமே இரு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. பிரேக்கைப் பிடித்தது அவருக்கே தெரியவில்லை. லாரிகள் ஓடும் சாலையில் அதற்குமேல் போவது சரியல்ல என்று இறங்கிவிட்டார். உடல் முன்னோக்கிச் சாயச் சாய, எடையின் பெரும்பங்கு உள்ளங்கைக்கு இடம் மாறுகிறது. அந்த இரு விரல்களுக்கும் போகும் நரம்பு உள்ளங்கையின் ஓரமாகத்தான் செல்கிறது.

தாழ்ந்து குனிவதால் காற்றுத்தடை குறையுமே என்று கேட்கலாம். குறையும். ஆனால் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் நிமிர்ந்தவருக்கு 329 வாட், குனிந்தவருக்கு 263 வாட் என்று கொண்டால், மிச்சம் 66 வாட். அதே இருவரும் 20 கிலோமீட்டரில் போனால் எட்டில் ஒரு பங்குதான்: 41-ம் 33-ம், மிச்சம் வெறும் 8 வாட். பந்தய வீரருக்கு லாபம். உங்களுக்கு அந்த 8 வாட்டுக்காகக் கையை மரக்கடிப்பது நஷ்டம். தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலில், பெடல் அச்சின் மையத்திலிருந்து கைப்பிடிக் குழாயின் உச்சிவரை உள்ள செங்குத்து உயரமும் கிடைத்தூரமும் தரப்பட்டிருக்கும். உங்கள் அளவில் கிடைக்கும் சைக்கிள்களுள் முன்னது கூடுதலாகவும் பின்னது குறைவாகவும் உள்ளதைத் தேடுங்கள்.

சீட்டு மெத்தென்று இருக்க வேண்டும் என்பதும் தவறான எண்ணம். இடுப்பெலும்பின் அடியில் இரு முனைகள் உண்டு. எடையைத் தாங்க ஏற்றவை அவையே. பஞ்சு மிகுந்தால் அம்முனைகள் புதைந்து, நடுவிலுள்ள மென்மையான திசுக்கள் நசுங்கும். கட்டியான பெஞ்சின் மீது நெளிநெளியான அட்டைப்பெட்டித் துண்டைப் போட்டு உட்கார்ந்து எழுந்திருங்கள். இரண்டு பள்ளங்கள் தெரியும். அவற்றின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிடச் சற்று அகலமான சீட்டு உங்களுக்குரியது. உயரத்துக்கு ஓர் எளிய வழி: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும்.

மேடு ஏறுவதற்குப் பற்களை எண்ணுங்கள். நூற்றுக்கு ஆறு ஏற்றத்தில், 80 கிலோகிராமை 100 வாட் திறனால் மணிக்கு ஏறத்தாழ 7½ கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏற்றலாம். முன்னே 39, பின்னே 25 பற்கள் என்றால் நிமிடத்துக்கு 40 சுற்றுக்கும் குறைவாக, முழங்கால் நோக மிதிக்க நேரும். முன்னும் பின்னும் 34 என்றால் 60 சுற்று. விற்பவர் எடையைப் பற்றி நிறையப் பேசுவார். இரண்டு கிலோகிராம் குறைந்தால் இந்த ஏற்றத்தில் மிச்சம் நூற்றுக்கு இரண்டரைதான். அதற்குக் கேட்கும் கூடுதல் விலையில் நல்ல டயர் இரண்டும், பின்னுக்கு 34 பல் சக்கரமும் வாங்கிவிடலாம்.