வந்தவரா, வாடகைக்கு இருந்தவளா: யார் குற்றவாளி?

சென்னை கே.கே. நகரில் முனுசாமி சாலை, ராஜமன்னார் சாலை, பி.டி. ராஜன் சாலை என்று எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு கோயிலோ பள்ளிக்கூடமோ நர்சிங் ஹோமோ லேடீஸ் ஹாஸ்டலோ வந்துவிடும். ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை வேறு இருக்கிறது. வீடு தேடுகிறவர்களுக்கு இதெல்லாம் வசதி. ஆனால் விபச்சாரத் தடுப்புச் சட்டம் என்று வழங்கும் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவை வைத்துப் பார்த்தால் கதை வேறு. வழிபாட்டுத் தலம், கல்விக்கூடம், விடுதி, மருத்துவமனை போன்ற இடங்களிலிருந்து 200 மீட்டருக்குள் பாலியல் தொழில் நடந்தால் குற்றம். பெண்ணுக்கு மூன்று மாதம் வரை சிறை. அவளிடம் வந்த ஆணுக்கும் அதே. கே.கே. நகரில் அந்த 200 மீட்டருக்கு வெளியே ஒரு வீட்டைக் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மயிலாப்பூர், தி.நகர் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இத்தனைக்கும், வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தில் தனியாக இந்தத் தொழில் செய்வதை அந்தச் சட்டம் குற்றம் என்று சொல்லவில்லை. சுற்றியிருப்பதைத்தான் குற்றமாக்கியிருக்கிறது. பாதுகாப்புக்காக இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரே வீட்டில் தொழில் செய்தால் அந்த வீடு ‘விபச்சார விடுதி’ ஆகிவிடும். தெரிந்தே வாடகைக்கு விட்டால் வீட்டுக்காரர் மேலும் வழக்கு வரும். தெருவில் நின்று கூப்பிட்டால் 8-ஆவது பிரிவு. அவள் சம்பாத்தியத்தில், விஷயம் தெரிந்து, சாப்பிடுகிறவர் 18 வயது தாண்டிய மகனாகவே இருந்தாலும் எழுத்துப்படி 4-ஆவது பிரிவில் வருவார். இரண்டு வருடம் வரை உள்ளே போகலாம். தொழில் செய்யலாம், ஆனால் வீடு, தெரு, குடும்பம் மூன்றும் இல்லாமல் செய்ய வேண்டும்!

மும்பையின் காமாத்திபுரா, கொல்கத்தாவின் சோனாகாச்சி போலத் தனிப் பேட்டை எதுவும் சென்னையில் கிடையாது. வாடகை வீடு, லாட்ஜ், இப்போது மசாஜ் சென்டர் என்று ஊரோடு ஊராகக் கலந்துதான் நடக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவுக்கு இதுவே பெரிய தலைவலியாக இருந்தது. எச்.ஐ.வி. இங்கே வந்துவிட்டதா என்று பார்க்கப் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரி வேண்டும் என்றார் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். எங்கே போய்த் தேடுவது? பொது மருத்துவமனைக்கு வந்த பெண்களிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தார் நிர்மலா. பிறகு, போலீசில் பிடிபட்ட பெண்களை வைத்திருக்கும் அரசு காப்பகத்துக்குப் போனார். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். சேகரித்ததை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, 1986 பிப்ரவரியில் ராத்திரி ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப் போனார்கள். ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது அதுதான் முதல் முறை.

நாட்டுக்கே எச்சரிக்கையாக அமைந்தது அந்தப் பெண்களின் ரத்தம். அதற்குப் பலன் என்ன தெரியுமா? விடுதலையாக வேண்டிய காலம் கடந்த பிறகும், கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சில பெண்கள் காப்பகத்திலேயே அடைத்து வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நட்ராஜ் சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ‘மீட்பு’ என்று செய்தித்தாள்கள் எழுதுவதன் மறுபக்கம் இது. இன்றும் 17-ஆவது பிரிவின்படி, மீட்கப்பட்ட பெண்ணை ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை காப்பகத்தில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அப்படி வைக்கப்பட்ட மூன்று பெண்களை 2020-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் விடுவித்தது. வயது வந்த பெண்ணுக்குத் தன் தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்றது.

சரி, வந்த ஆள்? சென்னையில் ஒரு மசாஜ் சென்டரில் ரெய்டு நடந்தபோது அங்கிருந்த ஒருவர் மேல் போட்ட வழக்கை 2022-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். சதீஷ்குமார் ரத்து செய்தார். அங்கே இருந்தார் என்பதற்காக மட்டும் தண்டிக்க முடியாது என்றார். 2025-ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி வி.ஜி. அருண் நேர் எதிராகப் போனார். பெண் ஒன்றும் கடைச் சரக்கில்லை, ஆகவே வந்தவரை வாடிக்கையாளர் என்று சொல்லித் தப்பவிட முடியாது. அவர் கொடுக்கும் பணம்தான் அவளை அந்தத் தொழிலுக்குத் தள்ளுகிறது, எனவே 5-ஆவது பிரிவில் வழக்கு நிற்கும் என்றார். வாளையாரைத் தாண்டினால் அதே ஆளுக்குச் சட்டம் மாறிவிடுகிறது.

உலகமும் இப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. ஸ்வீடன் 1999-லேயே வாங்குபவரைக் குற்றவாளியாக்கியது. விற்கும் பெண்ணைத் தொடவில்லை. நார்வேயும் பிரான்சும் அதே வழியில் போயின. நியூசிலாந்து 2003-ல், 60-க்கு 59 என்ற ஓட்டில், இரு தரப்பையும் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது.

ஆண்டான் அடிமை உறவு போன்ற இந்தப் பேரத்தில் பணம் கொடுப்பவரைத் தண்டிப்பதுதானே நியாயம் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கடத்தி வரப்பட்ட சிறுமிகளும் இந்தச் சந்தையில்தான் விற்கப்படுகிறார்கள். ஆனால் 2006-ல் மத்திய அரசு அப்படியொரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்தபோது, பாலியல் தொழிலாளர்களின் அமைப்புகளே தெருவுக்கு வந்து எதிர்த்தன. வருகிறவர் பயந்தால் பேரம் இன்னும் இருட்டுக்குப் போகும். ஆணுறை கேட்கவோ, ஆள் சரியில்லை என்று விலகவோ நேரமிருக்காது என்பது அவர்கள் கணக்கு. மசோதா 2009-ல் காலாவதியானது. ரெய்டு எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அவர்களின் எதிர்ப்பு புரியும்: புதிதாக ஒரு பிரிவு வந்தால், மாமூலுக்கு இன்னொரு வழி.

2022 மே 19 அன்று நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, விருப்பத்தோடு தொழில் செய்யும் பெண்களை ரெய்டின்போது கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது, படங்களைப் பத்திரிகையில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. முகவரிச் சான்று இல்லாத பெண்களுக்கு, எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் சான்றிதழை வைத்து ஆதார் கொடுக்க வேண்டும், தொழிலைக் காட்டிக்கொடுக்கும் குறியீடு எதுவும் அட்டையில் இருக்கக் கூடாது என்றும் சொன்னது. வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது நீட்ட அவள் கையில் இனி ஓர் அட்டை இருக்கலாம். அந்த வீட்டில் தோழி ஒருத்தியும் சேர்ந்து தொழில் செய்தால் மட்டும் 1956-இன் சட்டத்தில் அது இன்னும் விபச்சார விடுதிதான்.