அலை பாடும் ஊரும் ஆணி இல்லாப் படகும்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



அந்தக் காலத்துச் சென்னைவாசிகள் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும், அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் சொல்வார்களாம். "லேத்தும் வெல்டிங்கும் படிக்கிற நமக்குச் செத்த காலேஜில் என்னடா வேலை?" என்று கேட்கும் நண்பர்களுக்காகவே இந்தக் கட்டுரை. வேலை இருக்கிறது! மயிலாடுதுறையிலிருந்து பஸ் ஏறினால் தரங்கம்பாடி. அங்கே ஒரே நாளில் சிவில், மெக்கானிக்கல், பிரிண்டிங் மூன்றுக்கும் பாடம் கிடைக்கும்.

ஊரின் கதை

தரங்கம் என்றால் அலை. ஆனால் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டில் இவ்வூரின் பெயர் 'சடங்கன்பாடி'. அந்தக் கல்வெட்டு உள்ள மாசிலாமணிநாதர் கோயில் கடற்கரை ஓரமே இருக்கிறது. பழைய கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டு போய்விட்டது.

1620இல் டென்மார்க் நாட்டுத் தளபதி ஓவே கெத்தே, தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்தார். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஓலையில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில் இன்றும் பத்திரமாக உள்ளது. அந்த ஒப்பந்தத்தால் எழுந்ததுதான் டான்ஸ்போர்க் கோட்டை.

கோட்டைக்குள்ளே

கீழ்த்தளத்தில் கிடங்கு, சமையலறை, சிறை. மேல்தளத்தில் கவர்னர் குடியிருப்பு. சிவில் நண்பர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டியது கூரையை! செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட வளைவுக் கூரை. உள்ளே கம்பி கிடையாது. வளைவாக இருப்பதால் பாரம் முழுவதும் அழுத்தமாகவே சுவருக்கும் தூணுக்கும் இறங்குகிறது. செங்கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது என்று வகுப்பில் படித்தோமே, அதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

இதே கோட்டையில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. டேனிஷ் நாணயங்கள், பீங்கான் பாத்திரங்கள், வாள், ஈட்டி, பீரங்கிக் குண்டு, திமிங்கல எலும்பு என்று எல்லாம் உண்டு.

எழுத்து வந்த வழி

1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் இங்கே வந்து இறங்கினார். சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. அவை அளவில் பெரியவை. அதே அளவில் புத்தகம் போட்டால் காகிதம் எக்கச்சக்கமாகச் செலவாகும். என்ன செய்வது? இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. காகிதம் செய்யவும் பொறையார் பக்கத்தில் ஆலை வைத்தார்கள். அந்த இடத்தின் பெயர் இன்றும் கடுதாசிப்பட்டறைதான்! சீகன்பால்கு வாழ்ந்த வீடு 2017இல் அருங்காட்சியகம் ஆக்கப்பட்டது.

கப்பல் நிற்க இடமில்லாத துறைமுகம்

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். தரங்கம்பாடிக் கரையில் நின்று பாருங்கள். கப்பல் ஒதுங்க விரிகுடா இல்லை, ஆழமான முகத்துவாரமும் இல்லை. பிறகு எப்படித் துறைமுகம்?

சோழமண்டலக் கரையில் பல ஊர்களின் நிலைமை இதுதான். கப்பல்கள் தூரத்தில், நடுக்கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் கரை சேர நம் படகுக்காரர்கள்தான் போக வேண்டும். ஐரோப்பியப் படகில் பலகைகளை ஆணியால் இறுக்கியிருப்பார்கள். அலை தூக்கித் தரையில் அடித்தால் விறைப்பான மூட்டு பிளந்துவிடும். நம்மவர்களின் மசூலா படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அடி விழுந்தால் படகு கொஞ்சம் வளைந்து கொடுத்து மீளும். கட்டுமரம் இன்னும் எளிமை. நான்கைந்து மரங்களைச் சேர்த்துக் கட்டினால் முடிந்தது. உள்ளே வந்த தண்ணீர் இடுக்கு வழியே தானாக வெளியேறிவிடும், மூழ்க வழியில்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் காயப் போடலாம். ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்ற சொல்லே இதிலிருந்துதான் போனது.

யோசித்துப் பாருங்கள். நீரைத் தாண்டிக் கொண்டுவர இந்தப் படகுக்காரர்கள் இல்லையென்றால் கோட்டைக்குப் பீரங்கி ஏது, அச்சுக்கூடத்துக்கு எழுத்து ஏது? கவர்னர்களின் பெயர்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. படகைத் தைத்தவன் பெயர் எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் இல்லை.

ஊர் ஏன் அடங்கிப்போனது?

1845இல் டென்மார்க் இவ்வூரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12½ லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றது. 1860 வரை தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடம் இங்கே இருந்தது. பிறகு அதுவும் தஞ்சாவூருக்குப் போயிற்று. 1861இல் ரயில் நாகப்பட்டினத்தைத் தொட்டதும் வியாபாரம் அந்தப் பக்கம் சாய்ந்தது. தரங்கம்பாடிக்கு ரயில் வந்ததோ 1926இல்தான். அதுவும் 1986இல் நின்றுபோனது. பாதை போகும் இடத்துக்குத்தான் சரக்கு போகும், இல்லையா?

நமக்கு என்ன?

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் படி ஏறிய முதல் ஆள் நான். தாத்தா கட்டுமரம் ஓட்டியவர், கைநாட்டுக்காரர். ஆனால் கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றை முகத்தில் வாங்கியே பெயர் சொல்லுவார். 2004 டிசம்பர் 26, நாம் யாரும் பிறக்காத காலம். அன்றைய சுனாமி இந்தக் கரையைப் புரட்டிப் போட்டது. அதற்குப் பின் கட்டுமரம் போய் ஃபைபர் படகுகள் பெருகின. ஃபைபர் வேண்டாமென்று நான் சொல்லவில்லை, உழைப்பு மிச்சம். ஆனால் முடிச்சின் பெயரும் காற்றின் பெயரும் தெரிந்தவர்கள் வயதாகிக் கொண்டே போகிறார்கள்.

அவர்களுக்கு எழுதத் தெரியாது, நமக்குத் தெரியும். இன்ஜினியரிங் டிராயிங்கும் தெரியும். உங்கள் வீட்டில் தறி இருக்கலாம், உலைக்களம் இருக்கலாம், ஏர் இருக்கலாம். ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் கேளுங்கள். அளவெடுத்துப் படம் வரையுங்கள், யார் சொன்னது என்று அவர் பெயரையும் கீழே எழுதுங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு டேப்பும் போதும். அடுத்த ஆண்டு மலரில் அந்தப் பக்கங்கள் வரட்டும் தோழர்களே!