தசை விறைப்பு (தண்டுவடக் காயம்)

தசை விறைப்பு என்பது தண்டுவடத்தில் காயம் ஏற்பட்டவர்களுக்கு, காயத்திற்குக் கீழே உள்ள உடற்பகுதிகளில் தசைகள் தாமாகவே இறுகுவதும் இழுத்துக்கொள்வதும் துடிப்பதுமான நிலையாகும். தண்டுவடக் காயத்துடன் நெடுநாள் வாழ்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அல்லது அதற்கும் மேற்பட்டோர் இதனை ஓரளவேனும் அனுபவிக்கின்றனர். சிலருக்கு இது காலையில் படுக்கையை விட்டு எழும்போது சில நொடிகள் வந்து போகும் தொல்லை மட்டுமே. வேறு சிலருக்கோ உறக்கம், உட்காருதல், உடல் தூய்மை ஆகிய அனைத்தையும் பாதிக்கும் அளவுக்குக் கடுமையானது.

பேச்சு வழக்கில் இதனை இழுப்பு, வெட்டு, வலிப்பு எனப் பலவாறு கூறுவர். மருத்துவமனைகளில் ஸ்பாசம் என்ற சொல்லே பெரிதும் வழங்குகிறது. வலிப்பு என்ற சொல் மூளையில் தோன்றும் கால்-கை வலிப்பு நோயையும் குறிப்பதால் குழப்பம் நேர்வதுண்டு. இவ்விரண்டும் வெவ்வேறானவை. தசை விறைப்பின்போது நினைவு தப்புவதில்லை; தனது கால் துள்ளுவதை அவர் முழு நினைவுடன் பார்த்துக்கொண்டிருப்பார்.

தோன்றும் விதம்

ஒவ்வொரு தசையிலும் நீட்சியை உணரும் நுண்ணுறுப்புகள் உள்ளன. தசை திடீரென நீட்டப்பட்டால் இவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. தண்டுவடம் மூளையைக் கேளாமலே அத்தசையைச் சுருங்கச் செய்கிறது. இந்த நீட்சி அனிச்சைச் செயலைச் சார்லசு செரிங்டன் 1920களில் விரிவாக ஆராய்ந்தார். நலமுடன் உள்ள உடலில் மூளையிலிருந்து இறங்கி வரும் நரம்புப் பாதைகள் இந்த அனிச்சைச் செயலை அளவோடு அடக்கி வைக்கின்றன. காயம் அப்பாதைகளைத் துண்டிக்கும்போது, கீழ்ப்பகுதித் தண்டுவடம் உயிருடன் இருந்தும் கட்டுப்பாடு இன்றி இயங்கத் தொடங்குகிறது.

காயம் பட்ட உடனே விறைப்பு தோன்றுவதில்லை. முதலில் தண்டுவட அதிர்ச்சி எனப்படும் நிலை உண்டாகி, கைகால்கள் துவண்டு கிடக்கும். நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து அனிச்சைச் செயல்கள் திரும்புகின்றன. பின்னர் அளவு மீறுகின்றன. 2010இல் எலிகளில் நடத்தப்பட்ட ஆய்வுகள் இதற்கான காரணங்கள் சிலவற்றைக் காட்டின. காயத்திற்குக் கீழே உள்ள நரம்பணுக்களில் குளோரைடைச் சமன்செய்யும் புரதம் குறைவதால் அடக்கும் செய்திகள் வலுவிழக்கின்றன. மேலும், செரடோனின் வந்து சேராத நிலையிலும் அதன் ஏற்பிகள் தாமாகவே செயல்படத் தொடங்குகின்றன.

தண்டுவடம் பெரும்பாலோருக்கு இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு அளவில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் நசுங்கியவர்களுக்கு அனிச்சைச் செயலின் சுற்றே அறுபடுவதால் கால்கள் துவண்டே இருக்கும், விறைப்பு வருவதில்லை.

மீட்சியின் அறிகுறியா?

வாரக்கணக்கில் அசையாது கிடந்த கால் ஒருநாள் மடங்கினால், குணமாகிவிட்டது என்று குடும்பத்தினர் மகிழ்வது இயல்பு. இது மிகவும் பரவலான தவறான புரிதலாகும். இந்த நம்பிக்கையில் மறுவாழ்வுப் பயிற்சியைத் தள்ளிப்போடுவதும், கால் தானே ஆடும்படி தேய்ப்பதும் தட்டுவதும், கைப்பொருளைச் செலவழித்து ஊர் ஊராக அலைவதும் நேர்கின்றன.

வேறுபாட்டை அறிவது கடினமன்று. கால் பெருவிரலை அசைக்கச் சொன்னால் அசைத்து, நிறுத்தச் சொன்னால் நிறுத்தி, மீண்டும் கேட்கும்போது அதையே செய்ய முடிந்தால் அது விருப்ப அசைவு. போர்வையை இழுத்தபோதோ பாதத்தைத் தொட்டபோதோ மட்டும் கால் துள்ளினால் அது அனிச்சைச் செயல். எனினும் விறைப்பு இருப்பதனாலேயே மீட்சி இல்லை என்றும் கொள்ளலாகாது. பகுதிக் காயம் உள்ளவர்களுக்கு விருப்ப அசைவும் விறைப்பும் சேர்ந்தே காணப்படலாம். அவர்களிடம் விறைப்பு கூடுதலாகத் தொல்லை தருவதும் உண்டு. காயம் முழுமையானதா பகுதியானதா என்பதை ஆசனவாய்ப் பகுதியின் உணர்வையும் தசைச் சுருக்கத்தையும் சோதித்தே மருத்துவர்கள் முடிவு செய்கின்றனர். காலின் துள்ளல் அதற்கு அளவுகோல் ஆகாது.

வடிவங்கள்

இடுப்பும் முழங்காலும் மடங்கிக் கால் வயிற்றை நோக்கி இழுத்துக்கொள்வது மடக்கு இழுப்பு எனப்படும். கால் முழுதும் கம்பு போல் நீண்டு விறைப்பது நீட்டு இழுப்பு. இது சக்கர நாற்காலியில் இருப்பவரை முன்னோக்கித் தள்ளிக் கீழே விழச் செய்யக்கூடும். மிதிபலகையில் வைத்த பாதம் தையல் எந்திரம் மிதிப்பது போல நொடிக்கு ஐந்தாறு முறை ஆடுவது கணுக்கால் துடிப்பாகும். முழங்கால் மீது கையை ஊன்றிக் குதிகாலைக் கீழ்நோக்கி அழுத்தினால் இத்துடிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும்.

கூடுவதன் பொருள்

நெடுங்காலமாக ஒரே அளவில் இருந்து வந்த விறைப்பு திடீரெனக் கூடினால், காயத்திற்குக் கீழே ஏதோ தவறு நேர்ந்துள்ளது என்று கொள்ள வேண்டும். வலியை உணராத உடல் வலியைத் தெரிவிக்கும் வழிகளுள் இதுவும் ஒன்று எனலாம். சிறுநீர்த் தொற்று இதற்குக் காரணமாவது மிகப் பரவலாகக் காணப்படுகிறது. நிரம்பிய சிறுநீர்ப்பை, மடங்கிய வடிகுழாய், சிறுநீர்க்கல், மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த நகம், இறுக்கமான காலணி, அறியாமல் நேர்ந்த எலும்பு முறிவு, காலில் இரத்தம் உறைதல் ஆகியனவும் தூண்டும். குளிரும் மன உளைச்சலும் கூட்டுவதுண்டு. ஆண்டுகள் பல கழித்து விறைப்பு மாறுவதுடன் உணர்விழப்பும் மேல்நோக்கிப் பரவினால், தண்டுவடத்திற்குள் நீர்க்குழி உருவாகியுள்ளதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன் வடிகுழாய், குடல், தோல், நகம் என்ற வரிசையில் தேடுவது நல்லது. காரணத்தை விட்டுவிட்டு விறைப்பை மட்டும் அடக்குவது, எச்சரிக்கை மணியின் நாக்கைக் கட்டுவதற்கு ஒப்பானது.

மார்புப் பகுதியின் ஆறாம் தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்கு இதே தூண்டல்கள் இரத்த அழுத்தத்தை அபாயகரமாக உயர்த்தக்கூடும். கடும் தலைவலி, முகம் சிவத்தல், காயத்திற்கு மேலே வியர்த்தல் ஆகியன அதன் அறிகுறிகள். அவரை உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, ஆடைகளைத் தளர்த்தி, வடிகுழாயைச் சோதிக்க வேண்டும். இது அவசர நிலையாகும்.

பயனும் இடையூறும்

விறைப்பு முற்றிலும் தீமையானதன்று. நீட்டு இழுப்பைப் பயன்படுத்தி எழுந்து நிற்போரும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவோரும் உளர். தசை மெலிவதையும் இது ஓரளவு குறைக்கிறது. மறுபுறம், தொடைகள் இறுகிச் சேர்ந்துகொண்டால் வடிகுழாய் இடுவதும் கழுவுவதும் இயலாமற்போகும். விரிப்பில் தோல் ஓயாது உராய்ந்து புண்ணாகும். மூட்டுகள் மடங்கிய நிலையிலேயே நிலைத்துவிடலாம். இரவில் இருமுறை மும்முறை விழிக்க நேர்வதால் அவரும், அருகில் உறங்குபவரும் களைத்துப்போவர். எனவே எந்த இழுப்பைக் குறைப்பது, எதை விட்டுவைப்பது என்பதை அவரைக் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

மருத்துவம்

நாள்தோறும் மூட்டுகளை மெதுவாக நீட்டுதல், குப்புறப் படுத்தல், நிற்கும் சட்டத்தின் துணையுடன் நிற்றல் ஆகியன பரிந்துரைக்கப்படுகின்றன. இவை சில மணி நேரத் தளர்ச்சியைத் தருவதாகப் பலர் கூறுகின்றனர். நீண்டகாலப் பயனுக்கான சான்றுகள் குறைவே. வேகமாக இழுத்து நீட்டினால் இழுப்பு கூடும்.

மருந்துகளில் பேக்லோஃபென் முதன்மையானது. வலிப்பு நோய்க்காக 1962இல் உருவாக்கப்பட்ட இது, அதற்குப் பயன்படாமல் தசை விறைப்பிற்குப் பயன்பட்டது. தூக்கக் கலக்கமும் தசைத் தளர்வும் இதன் பக்க விளைவுகள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இம்மருந்து உடலில் தேங்கும். மாத்திரை தீர்ந்துவிட்டதென்று இதனைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது: விறைப்பு பன்மடங்காகத் திரும்புவதோடு காய்ச்சல், மனக்குழப்பம், வலிப்பு ஆகியனவும் நேரலாம். டைசானிடின் மற்றொரு மருந்து. சிறுநீர்த் தொற்றுக்கு வழங்கப்படும் சிப்ரோஃபிளாக்சசினை இதனுடன் சேர்த்து உட்கொள்ளலாகாது. சேர்த்தால் இரத்த அழுத்தம் மிகவும் தாழும். தொற்று அடிக்கடி வருவோருக்கு இது நினைவில் இருத்த வேண்டிய செய்தி. ஓரிரு தசைகள் மட்டும் இறுகியிருப்பின் போட்டுலினம் நச்சு ஊசி ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பயன் தரும்.

மாத்திரைகளுக்கு அடங்காத விறைப்பிற்கு, வயிற்றுத் தோலின் அடியில் பொருத்தப்படும் சிறு குழாய்ப்பொறி வழியாகத் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரிலேயே பேக்லோஃபென் செலுத்தப்படுகிறது. இம்முறையின் பயனை ரிச்சர்டு பென், செஃப்ரி குரோயின் ஆகியோர் 1984இல் வெளியிட்டனர். மில்லிகிராம் கணக்கில் விழுங்க வேண்டிய மருந்து இங்கு மைக்ரோகிராம் கணக்கில் போதுமானதாகிறது. பொறியின் விலை மிகுதி. சில மாதங்களுக்கு ஒருமுறை ஊசிமூலம் மருந்து நிரப்ப வேண்டும். மின்கலம் தீரும்போது பொறியையே மாற்ற வேண்டும். மருந்து வருவது தடைப்பட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், நிரப்பும் வசதியுள்ள மருத்துவமனை எட்டும் தொலைவில் இருக்கிறதா என்பது பொருத்துவதற்கு முன்பே கேட்கப்படுகிறது.