மருத்துவ மாணவர்க்கும் ஓர் ஆசனம்



திருமண்டலப் பெருமன்றம் கூடும்போது நம் சேகரத்திலிருந்தும் ஒருவர் இருவர் போய்வருகிறார்கள். அவர்கள் திரும்பி வந்ததும், "நம் காரியம் என்னவாயிற்று?" என்று கேட்கிறோம். மருத்துவர்களின் பெரிய சங்கங்களும் ஏறக்குறைய இவ்விதமாகவே நடக்கின்றன. ஆனால் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பிரதிநிதிகள் பேரவையில், இன்னும் பட்டம் பெறாத மாணவர்களும் முழு வாக்குரிமையோடு உட்காருகிறார்கள் என்பது வாசகர்களில் பலருக்குப் புதிய செய்தியாயிருக்கலாம். இருபத்து நான்கு வயது மாணவி ஒருத்தி எழுதிக் கொண்டுபோகும் ஒரு வரிக்கு, நாற்பது ஆண்டு அனுபவமுள்ள அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்லுகிறோம்.

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847இல் பிலதெல்பியா நகரில் தொடங்கப்பட்டது. 1901இல் அதன் அமைப்பைத் திருத்தி, மாநிலச் சங்கங்கள் அனுப்பும் பிரதிநிதிகளைக் கொண்ட பேரவையை ஏற்படுத்தினார்கள். இன்று அதில் 600க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் நவம்பரிலும், பேரவை கூடுகிறது. ஜூன் கூட்டம் வழக்கமாகச் சிகாகோவில் நடக்கும்.

சங்கம் சட்டம் இயற்றுவதில்லை. பின் அதன் தீர்மானத்தால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். சங்கத்தின் சார்பில் வாஷிங்டனில் பேசுகிறவர்கள் எதை ஆதரிப்பது, எதை எதிர்ப்பது என்பதை அந்தப் பேரவைதான் முடிவு செய்கிறது. 1961இல், முதியோருக்கு அரசு மருத்துவக் காப்பீடு கூடாதென்று சங்கம் பெரும் பிரசாரம் செய்தது. அப்போது நடிகராயிருந்த ரொனால்டு ரீகன் பேசிய இசைத்தட்டை மருத்துவர்களின் மனைவிமார் வீடு வீடாகக் காபி விருந்து வைத்துப் போட்டுக் காட்டி, காங்கிரஸ் உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். அந்தக் காப்பீடு 1965இல்தான் 'மெடிகேர்' என்ற பெயரில் சட்டமாயிற்று. அதுவரை மருத்துவச் செலவுக்கு வழியில்லாதிருந்த முதியவர்களை நினைத்துப் பார்த்தால், ஒரு சங்கத்தின் தீர்மானம் எவ்வளவு தூரம் எட்டும் என்பது விளங்கும்.

ஆகவே அந்தப் பேரவையில் யார் உட்காருவது என்பது சிறிய கேள்வியல்ல. 1870இல் வாஷிங்டன் நகரிலிருந்து வந்த கறுப்பின மருத்துவர்களுக்கு அங்கே இடம் மறுக்கப்பட்டது. பின்னாட்களிலும் பல உள்ளூர்ச் சங்கங்கள் அவர்களைச் சேர்க்கவில்லை. இதற்காகச் சங்கம் 2008ஆம் ஆண்டில்தான் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. பெண்களில் முதலாவதாக 1876இல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் பிரதிநிதியாக சாரா ஹாக்கெட் ஸ்டீவன்சன் உள்ளே வந்தார். மாணவர்களின் முறை அதற்கும் வெகுகாலம் பின்னர் வந்தது. 1950இல் சங்கத்தின் நிழலில் ஒரு மாணவர் சங்கம் தொடங்கிற்று. 1960களின் இறுதியில் அது பெரியவர்களோடு ஒத்துப்போகாமல் தனி வழி பிரிந்துவிட்டது. சங்கத்துக்குள்ளேயே மாணவர் பிரிவு என்ற ஒன்று 1979இல் உண்டாயிற்று. இன்று பேரவையில் உட்காரும் மாணவர்கள் இந்தப் பிரிவைச் சேர்ந்தவர்களே.

கணக்கு இவ்விதம்: ஒரு மாநிலச் சங்கத்துக்கு, ஆயிரம் உறுப்பினருக்கு ஒரு பிரதிநிதி. மாணவர்களுக்கு, நாட்டை ஏழு மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்திலுள்ள இரண்டாயிரம் மாணவ உறுப்பினருக்கு ஒரு பிரதிநிதியும் ஒரு மாற்றுப் பிரதிநிதியும். மாணவர் தலைக்குப் பாதி மதிப்புத்தானா என்று வாசகர் கேட்பது நியாயமே. இவர்களைத் தவிர மாணவர் பிரிவு முழுமைக்குமாகப் பேச ஒரு பிரதிநிதி உண்டு. சங்கத்தின் அறங்காவலர் குழுவிலும் ஓர் இடம் மாணவருக்கு உரியது.

எண்ணிக்கையைப் பார்த்தால், வாக்குப் பலத்தினால் மாணவர்கள் எதையும் சாதித்துவிட முடியாது. அவர்களுடைய பலம் தீர்மானம் எழுதும் உரிமையில் இருக்கிறது. தீர்மானத்துக்கு இரண்டு பகுதிகள். முதற்பகுதியில் "இவ்வாறு இருக்கிறபடியால்" என்று காரணங்களை அடுக்குவார்கள். அடுத்த பகுதியில் "ஆகவே இச்சங்கம் தீர்மானிப்பதாவது" என்று தொடங்கும் வரிகள் வரும். வாக்கெடுப்பு இரண்டாம் பகுதிக்கு மட்டுமே. காரணங்கள் எவ்வளவு அழகாயிருந்தாலும் அவை கொள்கைப் புத்தகத்தில் ஏறுவதில்லை. புதிதாக வரும் மாணவர்கள் காரணங்களை இரண்டு பக்கம் எழுதிவிட்டு, தீர்மான வரியை "இதற்கு ஆவன செய்ய வேண்டும்" என்று முடித்துவிடுகிறார்கள். 'இது' எது? தனியே எடுத்துப் படித்தால் விளங்காத வரி செல்லாது. ஆங்கிலம் அறியாத நோயாளிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். யார் ஏற்பாடு செய்வது, செலவு யாருடையது, சங்கம் யாரிடம் போய்க் கேட்க வேண்டும், இதைப் பற்றி ஏற்கெனவே கொள்கை இருக்கிறதா என்றெல்லாம் அவர் பார்த்தாக வேண்டும். கொள்கை முன்பே இருந்தால் "பழையதையே மீண்டும் உறுதி செய்கிறோம்" என்று சொல்லி மரியாதையாக அனுப்பிவிடுவார்கள். பாதித் தீர்மானங்களுக்கு உரிய வேலை நூலகத்தில்தான் நடக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

எழுதிய தீர்மானம் முதலில் மாணவர் பிரிவின் சொந்த மன்றத்துக்குப் போகிறது. பேரவை கூடுவதற்குச் சற்று முன்பாக, மருத்துவக் கல்லூரிகளிலிருந்து வந்த மாணவர்கள் கூடி அதைத் திருத்தி, ஏற்கவோ தள்ளவோ செய்கிறார்கள். அங்கே தேறியது பேரவைக்கு வரும்போது நேரே விவாதத்துக்கு எடுக்கப்படுவதில்லை. ஓர் ஆய்வுக் குழு அதைக் கேட்கும். அந்த அறையில் ஒலிவாங்கியின் முன் வரிசையில் நின்று, கொடுக்கப்பட்ட சிறிது நேரத்துக்குள் யாரும் ஆதரித்தோ எதிர்த்தோ பேசலாம். ஏற்கலாம், திருத்தி ஏற்கலாம், மேலும் ஆராய அனுப்பலாம், ஏற்க வேண்டாம் என்று இப்படி ஏதேனும் ஒரு பரிந்துரையைக் குழு எழுதும். பின்பு பேரவையில் எல்லாப் பரிந்துரைகளும் ஒரே பட்டியலாக வைக்கப்படும். எவராவது எழுந்து "இந்த எண்ணைத் தனியே எடுங்கள்" என்று கேட்டாலொழிய, பட்டியல் மொத்தமாக நிறைவேறிவிடும். எனவே ஒரு மாணவர் பிரதிநிதி சபையில் செய்யக்கூடிய மிக முக்கியமான காரியம், சரியான நேரத்தில் விழித்திருந்து எழுந்து நிற்பதே!

உட்காரும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்டல மாணவர் பிரதிநிதிகள் ஒரே கூட்டமாக உட்காருவதில்லை. தாம் படிக்கும் மாநிலத்தின் பிரதிநிதிகளோடு அமர்கிறார்கள். அதிகாலையில் மாநிலக் குழு தனியே கூடி, எந்தத் தீர்மானத்தில் என்ன நிலை எடுப்பது என்று பேசிக்கொள்ளும். அந்தப் பெரியவர்கள்தாம் மாணவருக்கு நாளைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதக்கூடியவர்கள். அவர்கள் 'வேண்டாம்' என்னும் தீர்மானத்தை எழுதிய மாணவர், அவர்களுக்கு நடுவிலிருந்தே 'ஆம்' என்று பொத்தானை அழுத்த வேண்டும். இது எளிதன்று. ஆனாலும் இந்த ஏற்பாட்டை நாம் நல்லதென்றே நினைக்கிறோம். பக்கத்து நாற்காலியில் இருக்கும் மூத்த மருத்துவர் ஏன் அஞ்சுகிறார் என்பது சாப்பாட்டு வேளையில்தான் தெரியவரும். எதிர்ப்பு முழுவதும் ஒரு சொல்லைப் பற்றியது என்று தெரிந்தால், அந்தச் சொல்லை மாற்றிவிடலாம்.

போதாததற்கு, ஜூன் மாதம் பலருக்குத் தேர்வுக் காலம். பல கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில் உரிமத் தேர்வின் முதற்கட்டம் வருகிறது. அனுமதி கொடுக்கிற கல்லூரியும் உண்டு, முகம் சுளிக்கிறதும் உண்டு.

இவையெல்லாம் ஒரே காரியத்தில் சேர்ந்து தெரிந்தது 2018, 2019ஆம் ஆண்டுகளில். நாட்டு மக்கள் எல்லோருக்கும் அரசே பணம் செலுத்தும் ஒரே காப்பீட்டு முறையைச் சங்கம் நீண்ட காலமாக எதிர்த்து வந்தது. அந்த எதிர்ப்பைக் கைவிட வேண்டும் என்று 2018 ஜூனில் மாணவர் பிரிவு தீர்மானம் கொண்டுவந்தது. ஆதரிக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை, எதிர்க்காமல் இருந்தால் போதும் என்றது. இந்த நிதானத்தைக் கவனியுங்கள். பேரவை அதை ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை. ஆராய்ந்து அறிக்கை தரும்படி அனுப்பிவிட்டது. 'ஆராய அனுப்பினார்கள்' என்றால் கிணற்றில் போட்ட கல் என்று பலர் எண்ணுவார்கள். ஆனால் அறிக்கை வந்தாக வேண்டும் என்பது விதி. அது 2019 ஜூனில் வந்தது. பழைய நிலையே நீடிக்கட்டும் என்பது அதன் பரிந்துரை. செவிலியரும் மருத்துவரும் மாணவரும் கூட்டம் நடந்த சிகாகோ ஓட்டலுக்கு வெளியே ஆர்ப்பாட்டம் செய்தார்கள். உள்ளே, எதிர்ப்பு வரியை நீக்கிவிடலாம் என்ற முயற்சி வாக்கெடுப்புக்கு வந்தது. நீக்கலாம் என்றவர்கள் 47 சதவீதம், கூடாதென்றவர்கள் 53 சதவீதம்.

மாணவர்கள் தோற்றார்கள். ஆனால் ரீகனின் இசைத்தட்டு சுழன்ற அதே சங்கத்தில், ஏறக்குறையப் பாதிப்பேர் அவர்கள் பக்கம் நின்றார்கள். மாணவர்கள் மட்டும் வாக்களித்திருந்தால் இந்த எண்ணுக்கு அருகிலும் வந்திருக்க முடியாது. 2019 ஆகஸ்டில், அத்தகைய காப்பீட்டை எதிர்ப்பதற்காகக் காப்பீட்டு நிறுவனங்களும் மருந்து நிறுவனங்களும் மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்திய கூட்டணியிலிருந்து சங்கம் விலகிக்கொண்டது. எதிர்ப்புக் கொள்கை மட்டும் புத்தகத்தில் நின்றுவிட்டது.

மண்டலப் பிரதிநிதியின் பதவிக்காலம் ஓர் ஆண்டு. ஒரு தீர்மானம் எழுதப்பட்டு, ஆராயப்பட்டு, முடிவுக்கு வர அதைவிட அதிக காலம் ஆகிவிடுகிறது. ஆகவே போகிறவர் தம் குறிப்புகளையெல்லாம், எந்த மாநிலத்தார் எந்தச் சொல்லை ஏற்க மறுத்தார்கள் என்பது உட்பட, மாற்றுப் பிரதிநிதியிடம் ஒப்படைத்துவிட்டுத் தம் நோயாளிகளிடம் திரும்புகிறார்.